ஞாயிற்றுக்கிழமை எழுதிய பட்டியல்

மூன்று ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் இது நடந்தது. இடம், ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம், கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் சாலையை ஒட்டிய எங்கள் கிராமம். மிஷன் காலத்தில் கட்டிய ஒரு ஆலயம், அதைச் சுற்றி நூற்றுச் சொச்சம் வீடுகள். மேற்கே ஏரி. ஏரியிலிருந்து வரும் கால்வாய் எங்கள் தெருவை ஒட்டியே ஓடுகிறது. வடக்கே ஒரு பாறைமேடு. அதன்மேல் அரசுப் பள்ளி. ஏரி, கால்வாய், பள்ளி மேடு இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நான் வேலூரில் ஒரு நாளிதழில் இருபத்தாறு வருடம் செய்திகளைத் திருத்தும் வேலை பார்த்தவன். மழைக்காலம் வந்தால் வெள்ளச் செய்திகள் என் மேசைக்குத்தான் வரும். கரை உடைந்த ஏரிகள், அடித்துச் செல்லப்பட்டவர்களின் வயது, மீட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. எல்லாவற்றையும் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் சபையில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எழுதத் தெரிந்தவர் என்பதுதான் காரணம்.

அந்த வருடம் மழை முன்கூட்டியே தொடங்கியது. அக்டோபரிலேயே ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து, கரை உடைந்தால் என்ன செய்வது என்று திட்டம் போடலாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பட்டியல் தயாரானது. மணி அடிப்பவர் யார், வீடு வீடாகத் தகவல் சொல்பவர்கள் யார், மாடுகளை அவிழ்த்துவிடுபவர்கள் யார், முதியவர்களைப் பள்ளி மேட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் யார் என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பெயர் எழுதினேன். கடைசி வரியில் ‘பெண்கள்: சமையல், தேநீர்’ என்று போட்டேன்.

எங்கள் தெருவில் எல்லோரும் கவலைப்பட்டது ஒருவரைப் பற்றித்தான். மாங்காய் லாரி ஓட்டியவர். புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சித்தூர் மாங்கூழ் ஆலைகளுக்கு இருபது வருடம் லோடு அடித்தவர். வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் புத்தி தெளிவு, வாய்த்துடுக்கும் குறையவில்லை. ஆள் நல்ல கனம். அவருடைய வீடு தெருவின் கடைசியில், கால்வாய்க்குப் பத்தடி தூரத்தில். தண்ணீர் வந்தால் முதலில் நுழையும் வீடு அது. அவரை யார் தூக்குவது என்று கேட்டதும் அவருடைய மகன் கை தூக்கினான்.

“நான் கீறேன்ல மாமா. நைனாவ நான் தூக்கமாட்டனா?”

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். அவர் திருப்பதியில் கார் ஓட்டுகிறவர். இரண்டு பெயரையும் எழுதினேன். மறுவாரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், ஒத்திகையும் பார்த்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு அரிசி மூட்டைகளை வைத்து அவர்கள் இருவரும் கடைசி வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் தூக்கிப் போனார்கள். கைபேசியில் நேரம் பார்த்தேன். பதினொரு நிமிடம். தெருவே கை தட்டியது.

அன்று லாரிக்காரரின் மனைவி மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

“மணி அடிச்சா வெள்ளம்னு யாருண்ணா நெனைப்பாங்க? சாவுன்னுதான் நெனைப்பாங்க.”

எங்கள் ஆலய மணியை இரண்டு விதமாக அடிப்பது வழக்கம். ஆராதனைக்கு வேகமாக, விடாமல் அடிக்கும். யாராவது இறந்துபோனால் ஒன்று, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொன்று. துக்க மணி கேட்டதும் அவரவர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, இறந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அபாய மணி விடாமல் அடிக்கும் மணி என்று பட்டியலில் தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று அவருக்குப் பதில் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

புத்தூருக்குப் போய்ப் பட்டியலை அச்சடித்து, கண்ணாடித்தாள் ஒட்டி, ஆலயச் சுவரில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் மாட்டினேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு முன் மூன்று நாள் மழை நிற்கவே இல்லை. பதினொரு மணிக்குக் கிராமச் செயலகத்திலிருந்து ஊழியர் ஒருவர் கூப்பிட்டார். ஏரிக்கரையில் நின்றுகொண்டு தெலுங்கில் பேசினார். மழைச் சத்தம் போனில் கேட்டது.

“சார், செருவு கட்ட தெகேலா உந்தி. தொந்தரகா அந்தரினி பைக்கி தீசுகெள்ளண்டி.”

ஏரிக்கரை உடையும்போல இருக்கிறது, எல்லோரையும் சீக்கிரம் மேட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். மதகுக்குப் பக்கத்தில் கசிவு இருக்கிறதாம். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் என்றார். பிறகு, சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

முதலில் லாரிக்காரரின் மகனைக் கூப்பிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் வேலை செய்வது ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில். காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ் வந்து புத்தூரில் ஏற்றிக்கொள்ளும். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எடுத்தார்.

“அண்ணா, நான் அலிபிரில கீறேன். வண்டில பாசஞ்சரு. இந்த மழைல வர ரெண்டு அவரு மேல ஆவும்ணா. இன்னா ஆச்சு?”

மணி அடிப்பவரைக் கூப்பிட்டேன். மகளைப் பார்க்கச் சித்தூர் போயிருந்தார். தகவல் சொல்லும் பொறுப்பில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் திருப்பதியில், ஒருவர் ஸ்ரீசிட்டியில். வீட்டு வாசலில் நின்றபடி பட்டியலை மேலிருந்து கீழாக மனதுக்குள் ஓட்டினேன். எழுதியிருந்த ஒரு பெயர்கூட ஊரில் இல்லை. நான் பட்டியல் போட்டது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தது புதன்கிழமை.

இருபத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதியதில் ‘எப்போது’ என்ற ஒரு சொல் விடுபட்டிருந்தால் திருப்பி அனுப்பியவன் நான்.

ஆலயத்துக்கு ஓடினேன். மணிக்கயிறு நனைந்து கனத்திருந்தது. அதுவரை நான் அந்த மணியை அடித்ததில்லை. எனக்கு முதுகுத் தண்டில் கோளாறு, கனம் இழுக்கக் கூடாது. முழு பலத்தையும் கொடுத்து இழுத்தேன். ஒன்று அடித்தது. கயிறு கையை விட்டு வழுக்கியது. மறுபடி பிடித்து, மூச்சு வாங்கி, இழுத்தேன். இன்னொன்று அடித்தது. வேகமாக அடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் இடைவெளி விழுந்தது. பத்து, பன்னிரண்டு முறை அடித்திருப்பேன். கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்து பார்த்தேன். பள்ளி மேட்டுக்குப் போகும் பாதையில் ஒருவரும் இல்லை. தெருவின் கீழ்ப்பக்கம் பார்த்தேன். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேட்டுக்கு இல்லை, கால்வாய்ப் பக்கம். இரண்டு பேர் ஓடும்போதே அழத் தொடங்கியிருந்தார்கள். எல்லோரும் போனது கடைசி வீட்டுக்கு.

நான் அடித்தது துக்க மணி ஆகிவிட்டது. துக்க மணி என்றதும், இந்தத் தெருவில் யாருக்காக அடித்திருக்கும் என்று யாருக்கும் யோசிக்கத் தேவைப்படவில்லை.

கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. நான் உள்ளே நுழைந்தபோது அந்தச் சின்ன வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். லாரிக்காரரின் மனைவி கையில் கஞ்சிக் கிண்ணத்தோடும் ஸ்பூனோடும் கட்டிலுக்குப் பக்கத்தில் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மா மட்டும் வாசற்படியைத் தாண்டும் முன்பே, “அண்ணா, எங்கள உட்டுட்டுப் பூட்டியே” என்று ஆரம்பித்துவிட்டார். கட்டிலில் இருந்தவர் இடது கையைத் தூக்கினார்.

“இன்னும் போவலடி. கஞ்சி துன்னுகினு கீறேன்.”

பிறகு என்னைப் பார்த்தார். வாயோரத்தில் கஞ்சி வழிந்திருந்தது.

“இன்னா மச்சான், எனக்குத்தான் மணி அடிச்சியா?”

சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரை விஷயத்தைச் சொன்னேன். உடனே வீட்டுக்குள் சத்தம் நின்றது. கால்வாயின் இரைச்சல் அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது என்று நினைக்கிறேன். வாசலுக்கு வெளியே தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. நான் வந்தபோது அது இல்லை.

“யாரு தூக்கறது?” என்று ஒருவர் கேட்டார். நான் என்ன நினைத்தேனோ, பழக்கத்தில், பட்டியலில் இருந்த இரண்டு பெயர்களையும் சொன்னேன்.

அலிபிரியில் இருந்த ஓட்டுநரின் மனைவி அங்கே நின்றிருந்தார். “அந்த லிஸ்ட்ட கால்வால போடுண்ணா,” என்றார். “அவரு திருப்பதில கீறாரு. இவன் ஸ்ரீசிட்டில. போன்லயா தூக்குவாங்க?”

லாரிக்காரரின் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் குரலில் பதற்றமே இல்லை. “எப்பவும் தூக்கறவங்க தூக்குங்க” என்றார்.

அவ்வளவுதான். லாரிக்காரரின் மனைவியையும் சேர்த்து நான்கு பெண்கள் முன்னால் வந்தார்கள். கட்டிலில் விரித்திருந்த ஜமுக்காளத்தின் நான்கு மூலைகளையும் முறுக்கிக் கையில் சுற்றிக்கொண்டார்கள். இன்னொருவர் லாரிக்காரரின் செயலிழந்த வலது கையை மார்பின் குறுக்கே வைத்து ஒரு துண்டால் கட்டினார். தலைப்பக்கம் யார், கால்பக்கம் யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மனைவி “ஊம்” என்றார். அந்தக் கனத்த உடம்பு கட்டிலை விட்டு எழுந்தது.

இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அந்த நான்கு பேரும்தான் அவரைக் குளிப்பாட்டத் தூக்கிப் போகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மகன் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறான்; குளிப்பது எட்டு மணிக்கு. ஆறு வீடு தள்ளி இருக்கிறேன். கேட்டதில்லை. அரிசி மூட்டையை வைத்து ஒத்திகை பார்த்த அன்று அந்த நான்கு பேரும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டியவர்களில் அவர்களும் உண்டு.

நானும் ஒரு மூலையைப் பிடிக்கப் போனேன்.

“உன்னால ஆவாதுண்ணா. நீ கொடையப் புடி. அவரு மூஞ்சில தண்ணி பட்டா பொரையேறும்,” என்றார் மனைவி. அவருக்குத் தண்ணீரைக்கூட ஸ்பூனில் ஊட்ட வேண்டும், இல்லையென்றால் புரையேறும். அதனால்தான் கதவுக்குப் பின்னால் தயாராக மாட்டியிருந்த பையில், எடுத்து வைக்கச் சொல்லி நான் எழுதிக்கொடுத்திருந்த ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, மாத்திரை, டார்ச் லைட்டோடு ஒரு ஸ்பூனையும் அவர் போட்டு வைத்திருந்தார். பையை ஒரு பெண் எடுத்துக்கொண்டார். நான் குடை பிடித்தேன்.

மீதிப் பெண்கள் எதற்கும் காத்திருக்கவில்லை. “நீ அந்த மூல வீட்டுக்குப் போ, ஆயாவுக்குக் கண்ணு தெரியாது. நீ ஸ்கூல்ல சொல்லு, பசங்கள வெளில உடவேணாம்னு” என்று தங்களுக்குள் பேசியபடியே தெருவில் பிரிந்து ஓடினார்கள். எந்த வீட்டில் அந்த நேரத்தில் யார் இருப்பார்கள், யார் தூங்குவார்கள், எந்தக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் எழுதியதைவிடத் துல்லியமான பட்டியல் அது. எங்கும் எழுதப்படாதது.

ஆலயத்தைத் தாண்டும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மேட்டுப் பாதை செம்மண். ஏறும்போது கால்பக்கம் பிடித்திருந்த ஓட்டுநரின் மனைவி வழுக்கி முழங்கால் குத்தி விழுந்தார். ஒரு கல் கிழித்துவிட்டது. அவர் மூலையை விடவில்லை. விழுந்தபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். மற்ற மூவரும் அசையாமல் நின்றார்கள். எழுந்தார், “ஊம்” என்றார், நடந்தார்கள். மழைத்தண்ணீரோடு ரத்தம் கலந்து புடவைக் கரையில் இறங்கியதைப் பார்த்தேன். எனக்கு ஒரு கை குடையில் இருந்தது. இன்னொரு கையால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பள்ளி வராந்தாவில் அவரை இறக்கியபோது கைபேசியைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து தூக்கி இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த அரைமணி நேரத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருந்தவர்கள் எல்லோரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் தலைகளை எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள். யாரும் குறையவில்லை. அதற்குச் சற்று நேரம் கழித்து ஏரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி என்று நினைத்தோம். பிறகு தென்னைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் தண்ணீர் வருவது தெரிந்தது. வேகமாக வந்த மாதிரியே இல்லை. ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வீட்டின் வாசல் மறைந்தது, பிறகு ஜன்னல் பாதி மறைந்தது. கட்டில் ஒன்று கால்வாய்ப் பக்கம் மிதந்து போனது. லாரிக்காரர் அதைப் பார்த்தார்.

அப்போதுதான் ஓட்டுநரின் மனைவி தன் முழங்காலில் துணி கட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“என் மாட்ட யாருனா அவுத்தாங்களா?”

அவருடைய மாட்டுக் கொட்டகை கடைசி வீட்டை ஒட்டியே இருந்தது. கறவை மாடு, கன்று போட்டு இரண்டு மாதம். மாடுகளை அவிழ்க்கும் பொறுப்பை நான் எழுதிக்கொடுத்த ஆட்கள் எல்லோரும் அந்த நேரத்தில் திருப்பதியில் யாரோ ஒருவருக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் நினைத்திருந்தால் முதலில் கொட்டகைக்குப் போயிருக்கலாம். இருபதடி தூரம். அவர் ஜமுக்காளத்தின் மூலையைப் பிடித்தார்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். மூன்று மாடுகள், ஒரு கன்று. எல்லாம் கட்டிய இடத்திலேயே கிடந்தன. கயிறு இறுகிப்போய் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு மாடும் கன்றும் அவருடையவை. அவர் அழுததை நான் பார்க்கவில்லை. மாடு நின்ற இடத்தில் குத்துக்காலிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து வீட்டுச் சேற்றை வாரப் போனார்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே லாரிக்காரரின் மகன் வந்துசேர்ந்தான். பஸ் வராததால் புத்தூரிலிருந்து நடந்தே வந்திருந்தான். இடுப்பு வரை சேறு. என்னைப் பார்த்ததும், “மாமா, போனு லாக்கர்ல கீது மாமா, பன்னெண்டு மிஸ்டு கால்...” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். லாரிக்காரர் இடது கையால் அவன் தலையைத் தட்டினார்.

“உடுடா. இவுங்க தூக்கிட்டாங்க. நீ ஞாயித்துக்கெழம தூக்கு.”

வராந்தாவில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவனும் அழுதுகொண்டே சிரித்தான். அந்த வார்த்தை எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டம் போட்டோம். இந்த முறை புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு. வந்தவர்கள் பெண்கள், முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். அவர்கள் பேசினார்கள், நான் எழுதினேன். ஆலய மணி வேண்டாம், அது சாவுக்கும் ஆராதனைக்கும் இருக்கட்டும் என்று முடிவானது. ஆபத்து என்றால் வாசலில் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்ட வேண்டும். கேட்டவர் தன் வாசலில் நின்று தட்ட வேண்டும். யாரைத் தூக்க யார் என்பதை அவர்களே சொன்னார்கள், பகலுக்குத் தனியாக, இரவுக்குத் தனியாக, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக.

ஓட்டுநரின் மனைவி கடைசியாகப் பேசினார். மழைக்காலத்தில் மாட்டை இறுகக் கட்டக் கூடாது, நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சாகப் போட வேண்டும், அவிழ்க்கப் போகிறவர் யாராக இருந்தாலும் நேரம் இருக்காது என்றார். ஒரு கயிற்றை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டுக் காட்டினார். எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். என் கைக்கு மூன்றாவது முறைதான் வந்தது.

அவர் இப்போது வேறு மாடு வைத்திருக்கிறார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இந்த மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பழைய பட்டியலை நான் தூக்கிப் போடவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் மழை தொடங்கும்போது எடுத்துப் பார்க்கிறேன்: அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை, அன்று எங்களைக் காப்பாற்றியவர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை.